பதினொன்று நாற்பது முதல் பன்னிரண்டு இருபது வரை

காரைக்குடி ஸ்டேஷனிலிருந்து கல்லூரி வாசல்வரை
ஏழு இடங்களில் சிரித்துக்கொண்டிருந்தேன்.
தேசிய மனிதவள மாநாடு,
சிறப்புப் பேச்சாளர் தேனம்பிகை.
ஒரு துணைக்காலைக் காணோம்.
பெயரிலேயே ஆட்குறைப்பா என்றேன்.
அழைத்துப்போன உதவிப் பேராசிரியர் மெய்யம்மை
சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல்
கார்க் கண்ணாடியை இறக்கினார்.

முந்தைய இரவு கானாடுகாத்தானில்,
ஓட்டலாகிவிட்ட ஒரு பெரிய வீட்டில் அறை.
கதவருகே கண்ணாடிச் சட்டத்துக்குள் சம்பளச் சீட்டு:
இன்னார், அடுத்தாளாக, இன்ன ஊர்க் கடைக்கு,
மூன்று வருஷக் கணக்கு, சம்பளம் இவ்வளவு,
முன்பணம் பற்று.
மூன்று வருஷம் கழித்து என்ன என்று
எழுதவில்லை.
நான் தயாரிக்கும் கடிதங்களில்
அதற்குத்தான் நாலு பக்கம்.
போட்டோ எடுத்து இரண்டாவது ஸ்லைடாக நுழைத்தேன்.
உள்ளூர் உதாரணத்துக்குக் கைதட்டு வரும்.

வந்தது.

மாண்போடு விடைகொடுத்தல், என் தலைப்பு.
பன்னிரண்டு நிமிடம் போதும் என்றேன்.
வெள்ளிக்கிழமை வேண்டாம்.
எதிரே உட்காராதீர்கள், பக்கவாட்டில்.
முதல் வாக்கியத்திலேயே செய்தி.
எனக்குப் புரிகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்,
புரியாது.
தண்ணீர் பாட்டில் மூடியை முன்பே
லேசாகத் திருகி வையுங்கள், கை நடுங்கும்.
முன்வரிசையில் ஒரு மில் மேலாளர்
'மூடி' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

கேள்வி நேரம்.
முதல் கேள்வி, கேட்டவரின் வாழ்க்கைக் குறிப்பு.
இரண்டாவது, நான் எம்பிஏ எங்கே படித்தேன் என்பது.
அப்புறம் யாரும் கை தூக்கவில்லை.
வரிசைகளுக்கு நடுவே மைக்கோடு அலைந்த பையன் நின்றான்.
சட்டை முதுகில் சவுண்ட் சர்வீஸ், கோட்டையூர்,
பாதி அழிந்த செல் நம்பர்.
மைக்கை யாரிடமும் நீட்டாமல்
தன் வாய்க்கே கொண்டுபோனான்.

"அக்கா, ஒரு டவுட்டு.
அவருட்ட நாம எப்படிச் சொல்லணும்னு சொன்னீங்க.
அவரு வீட்டுல போயி எப்படிச் சொல்லணும்?
அதுக்கும் பன்னெண்டு நிமிஷந்தானா?"

பின்வரிசையில் கிளம்பிய சிரிப்பு
நடுவழியில் நின்றுவிட்டது.

நல்ல கேள்வி, என்றேன்.
பதில் இல்லாத இடங்களில்
பதினெட்டு வருஷமாக நான் வைக்கும் பூந்தொட்டி அது.

ஓசூரில், பராமரிப்புப் பிரிவு ஆவுடைநாயகம்
கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.
"சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் உள்ளேயே இருக்கட்டுமா?
வழக்கமான பஸ்ஸில் போய் இறங்கினால்
இன்றைக்கு ஒரு நாள் தெரியாது."
அட்டையை வாங்கியபின் வளாகத்தில் இருக்க
விதியில் இடமில்லை.
எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்,
மடியில் டிபன் பாக்ஸ்.
மூன்றாம் மாடியிலிருந்து
நாலேகாலுக்குப் பார்த்தேன். ஐந்துக்கும் பார்த்தேன்.
பிறகு எனக்கு மீட்டிங்.

நேரமின்மை காரணமாக, என்று மெய்யம்மை
மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.
பொன்னாடை.
நினைவுப் பரிசாக ஆத்தங்குடிக் கல் ஒன்று,
தூங்கும் குழந்தையின் கனம்.
வவுச்சரிலும் தேனம்பிகைதான்;
ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அப்படியே
கால் இல்லாமல் கையெழுத்திட்டேன்.

கூட்டம் சாப்பாட்டுக்குப் போயிருந்தது.
பையன் மேடையில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தான்,
கட்டைவிரலுக்கும் முழங்கைக்குமாக.
அஞ்சரை பஸ்ஸை இவனிடமாவது
சொல்லிவிடலாம் என்று போனேன்.
அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, எங்க ஓனருட்ட சொல்லிறாதீங்க.
மைக்ல நாங்க பேசக் கூடாது.
ஒன்னு ரெண்டு மூணு மட்டுந்தான்,
அதுவும் செக்கிங்குக்கு."

சொல்லமாட்டேன்.
வேறொன்றும் எனக்குச் சொல்ல வரவில்லை.
கல்லை நாற்காலியில் வைத்துவிட்டு
வயரின் மறுமுனையை எடுத்து
என் கையிலும் சுற்றத் தொடங்கினேன்.

"இழுத்துச் சுத்தாதீங்கக்கா" என்றான்,
"மேல ஒன்னும் தெரியாது,
உள்ளுக்குள்ள கம்பி அத்துரும்."